நண்பர்களோடு கனோவில் செல்வோர்க்கு: மதுரைப் பக்கத்தில் நீரறிந்து துடுப்புப் போடும் முறை

மதுரையிலிருந்து நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒருநாள் கனோவில், அதாவது மேலே திறந்த இலேசான துடுப்புப் படகில், போய்வர நினைத்தால், படகு எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதற்கு முன்பே கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நாம் இறங்கப்போகும் நீர் எங்கிருந்து வருகிறது? ஊற்றிலிருந்து பெருகி வரும் நீரும், அணையின் மதகைத் திறந்ததால் வரும் நீரும், மழையில் நிரம்பிக் கண்மாயில் தேங்கி நிற்கும் நீரும் கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியலாம். படகில் உட்கார்ந்தவரிடம் அவை மூன்று விதமாக நடந்துகொள்ளும். எந்த மாதத்தில் போவது, எவ்வளவு தூரம் போவது, யாரை யாரோடு உட்கார வைப்பது, என்ன உடுத்திக்கொள்வது ஆகிய எல்லாமே இந்தக் கேள்வியின் விடையைப் பொறுத்தவை. நீந்தத் தெரிந்தவர்கள்கூட நீரில் மாட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம், அந்த நீரின் இயல்பை அறியாமல் இறங்கியதே ஆகும். ஆகவே இந்தக் குறிப்புகளை நீரிலிருந்தே தொடங்குகிறேன்.

ஊற்றுநீரும் மதகுநீரும்

மழைநீர் நிலத்துக்குள் இறங்கி, பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கி, தாழ்வான ஓர் இடத்தில் மீண்டும் வெளிப்படுவதே ஊற்று. சுண்ணாம்புப் பாறை மிகுந்த நாடுகளில் நீர் அந்தப் பாறையைக் கரைத்து உள்ளே குகைகளையும் பெரிய வழிகளையும் உண்டாக்கிவிடுவதால், ஓர் ஊற்றே ஆறாக ஓடும் அளவுக்கு நீர் பொங்குவதுண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஓடும் கரண்ட் ஆறும், புளோரிடாவின் இச்செடக்னி ஆறும் இப்படிப்பட்டவை. கனோவில் செல்ல விரும்புவோர் தேடிப் போகும் ஆறுகள். கரண்ட் ஆற்றையும் அதன் துணையாறான ஜாக்ஸ் ஃபோர்க்கையும் அந்நாட்டு அரசு 1964-ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றிப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது.

ஊற்றுநீர் ஆற்றைப் படகுக்காரர்கள் விரும்புவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. வறண்ட மாதங்களிலும் நீரின் அளவு பெரிதாகக் குறைவதில்லை. நீர் தெளிவாக இருப்பதால் அடியில் கிடக்கும் பாறையும் மரக்கட்டையும் முன்கூட்டியே கண்ணில் படுகின்றன. வெப்பநிலையும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது. ஏனெனில் நிலத்தடியிலிருந்து வரும் நீர் அந்தந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். புளோரிடாவின் ஊற்றுகள் ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸ். மிசௌரியின் ஊற்றுகள் ஏறக்குறைய 14 டிகிரி. மார்கழி விடியற்காலையில் கிணற்றிலிருந்து இறைத்த முதல் வாளித் தண்ணீர் வெதுவெதுப்பாகவும், சித்திரை நண்பகலில் அதே கிணற்று நீர் சில்லென்றும் உடம்பில் படுவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிணற்று நீர் மாறவில்லை; வெளியே இருக்கும் காற்றுதான் மாறியிருக்கிறது.

நம் பக்கத்துப் பாறை வேறு. மதுரையைச் சுற்றியுள்ள மலைகளும் குன்றுகளும் கடினப்பாறைகள். நீர் அவற்றின் வெடிப்புகளில் மட்டுமே தங்க முடியும் என்பதால் இங்குள்ள சுனைகள் வற்றாதவையாக இருந்தாலும் ஒல்லியானவை. அழகர்மலை மீது நூபுர கங்கை ஆண்டு முழுவதும் விழுந்துகொண்டிருக்கிறது. ஆனால் படகு மிதக்கும் ஆறாக அது பெருகுவதில்லை. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது, அங்கே ஏழு குன்றுகளும் 72 நீர்நிலைகளும் 200 இயற்கைச் சுனைகளும் இருப்பதாக அரசு குறிப்பிட்டது. ஊற்றுநீர் எப்படிக் கசிந்து சேர்கிறது என்பதை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் அரிட்டாபட்டிக்கு ஒரு நாள் நடந்து போய்வரலாம். படகை அங்கே கொண்டுபோக வேண்டாம். அது பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டிய இடம்.

வைகையின் கதை முற்றிலும் வேறானது. வருசநாட்டு மலைகளில் பிறந்து, 1895 முதல் பெரியாற்று நீரையும் வாங்கிக்கொண்டு வரும் இந்த ஆறு, 1959-இல் வைகை அணை பயன்பாட்டுக்கு வந்த பிறகு பெரும்பாலும் மதகின் கணக்குப்படியே மதுரைக்கு வருகிறது. சித்திரைத் திருவிழாவுக்கும் பாசனத்துக்கும் குடிநீருக்கும் என்று குறித்த நாளில் திறக்கப்படும் அந்த நீர், வறண்ட மணலில் முதலில் இறங்கி மறைந்து, மணல் ஊறிய பிறகு விரைவாக மட்டம் உயர்ந்து வரும். காலையில் முழங்காலளவு இருந்த இடத்தில் மாலையில் ஆள் நிற்க முடியாமல் போவதற்கு உள்ளூரில் ஒரு துளி மழைகூடப் பெய்திருக்க வேண்டியதில்லை. நீர் திறந்துவிடப்பட்டிருக்கும் நாட்களில் வைகைக்குள் எந்தப் படகையும் இறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்நாட்களில் ஆற்றுக்குள் இறங்க வேண்டாம் என்றே மாவட்ட நிர்வாகமும் எச்சரிக்கிறது.

அணையின் செய்தியை வாசிக்கப் பழகிக்கொள்வது பயனுள்ளது. நாளிதழ்களில் அன்றாடம் வரும் அணை நிலவரத்தில் நீர்மட்டம் அடியிலும், நீர்வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்கு இத்தனை கன அடி என்றும் தரப்படும். ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர். ஆகவே 1000 கன அடி திறப்பு என்றால் வினாடிக்கு 28,000 லிட்டருக்கு மேல் ஆற்றில் இறங்குகிறது என்று பொருள். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. மட்டம் 66 அடியைத் தொடும்போது முதல் வெள்ள எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடுக்கப்படும். அணை அறுபது அடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும் வாரங்களில், கீழே ஆற்றோரத்தில் கூடாரம் போடும் எண்ணத்தைக்கூட ஒதுக்கிவிட வேண்டும்.

முல்லைப் பெரியாற்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக ஓடும் அந்த ஆறு பச்சை வயல்களுக்கு நடுவே மிக அழகாகத் தோன்றும். தெளிவைப் பார்த்து ஊற்றுநீர் என்று எண்ணிவிடவும் கூடும். அதுவும் மலைக்கு அப்பாலிருந்து சுரங்கத்தின் வழியே திறந்துவிடப்படும் நீர்தான். இழுப்பு வலியது, குறுக்கே தடுப்பணைகள் உண்டு. புதியவர்களுக்கு அது ஏற்றதன்று.

கண்மாயில் தொடங்குங்கள்

மதுரைக்காரர்களுக்குக் கனோ கற்க மிகச் சிறந்த இடம் நிறைந்த கண்மாய். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடித்து, கண்மாய்கள் மறுகால் பாய்ந்து அடங்கிய பின், மார்கழி நடுவிலிருந்து மாசி வரை உள்ள காலம் எல்லா வகையிலும் தோதானது. நீர் நிற்கிறது, வெயில் தணிந்திருக்கிறது, காலை வேளைகளில் காற்றும் அடங்கியிருக்கும். பங்குனிக்குப் பிறகு மட்டம் இறங்கி, சேறும் முட்களும் மேலே வந்துவிடும். ஆனி, ஆடி மாதங்களை முழுவதுமாக விட்டுவிடுங்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்கிற ஊரில், தண்ணீருக்கு மேல் நின்றுகொண்டு காற்றை வாங்கும் இலேசான கனோ எம்மாத்திரம்! மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றுக்கு எதிராக இருவர் மூச்சுப் பிடித்துத் துடுப்புப் போட்டாலும் படகு நின்ற இடத்திலேயே நிற்கும்.

கண்மாயில் படகை இறக்குவதற்கு அனுமதி வேண்டும். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய்கள் பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. அலுவலக அனுமதியோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அந்தக் கண்மாயில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் யார் என்று கேட்டறிந்து அவரிடமும் சொல்ல வேண்டும். அவர் குஞ்சு விட்டு வளர்த்த மீன்களுக்கு நடுவே நாம் துடுப்புப் போடப்போகிறோம். எங்கெங்கே வலை கட்டியிருக்கிறது, எங்கே பள்ளம், எங்கே பழைய கிணறு மூழ்கிக் கிடக்கிறது என்பதையெல்லாம் அவரும், மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சியும் சொல்வதைப் போல எந்த வரைபடமும் சொல்லாது. கரையில் அய்யனார் கோயில் இருந்தால் படகை அங்கே சாய்த்து வைப்பதையும், ஈரத் துணிகளைக் காயப்போடுவதையும் தவிர்த்து வேறு துறையில் இறங்குவது மரியாதை.

கண்மாய்க்குள் அஞ்ச வேண்டியது பாசனத்துக்கு நீர் திறந்துவிடும் மடையும், மிகுநீர் வழிந்து வெளியேறும் கலுங்கும். மடை திறந்திருக்கும்போது மேற்பரப்பு அசையாமல் கிடக்கும். அடியில் இழுப்பு இருக்கும். இறங்குவதற்கு முன் கரையில் நின்று, மடைக்குச் சற்றுத் தள்ளி நான்கைந்து வைக்கோல் துரும்புகளைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். காற்று அடிக்கும் திசையில் எல்லாம் சேர்ந்து மெல்ல நகர்ந்தால் அது காற்றின் வேலை. காற்றுக்குக் குறுக்கே அல்லது எதிராக ஒரு துரும்பாவது மடையை நோக்கி நகர்ந்தால், மடை திறந்திருக்கிறது. எப்படியிருந்தாலும் மடையிலிருந்தும் நீர் வழியும் கலுங்கிலிருந்தும் குறைந்தது ஐம்பது மீட்டர் விலகியே இருக்க வேண்டும்.

கண்மாய்க்குள் வளர்ந்திருக்கும் கருவேல மரங்களும் கவனத்துக்குரியவை. நீர் நிறைந்த காலத்தில் கிளைகள் மட்டும் வெளியே தெரிய, முட்கள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே காத்திருக்கும். காற்றடைத்த ரப்பர் கனோ கொண்டுவருவோர் அந்தப் பக்கமே போகக் கூடாது. அந்த மரங்களில்தான் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன என்பது விலகிச் செல்ல இன்னொரு காரணம். படகு நெருங்கியதும் தாய்ப்பறவை எழுந்து பறந்தால், முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்துக்கும் இலக்காகும். சாமநத்தம் போன்று பறவைகள் பெருந்திரளாகக் கூடும் கண்மாய்களைக் கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வோம். படகுக்கு வேறு கண்மாய்கள் இருக்கின்றன.

ஆகாயத்தாமரை அடர்ந்த பகுதிக்குள் நுழைந்தால் துடுப்பு சிக்கும், திரும்பவும் இடமிருக்காது. சாக்கடை கலக்கும் நகர்ப்புற நீர்நிலைகளைத் தவிருங்கள். கையிலோ காலிலோ ஆறாத புண் இருப்பவர் தேங்கிய நீரில் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அந்த வழியாக உடம்புக்குள் வரக்கூடும். பயணம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கண்மாயில் இறங்கியதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

படகும் சட்டையும்

கனோ என்பது மேலே திறந்த படகு. ஒரு பக்கம் மட்டும் அலகு உள்ள துடுப்பால் செலுத்தப்படுவது. இரு பக்கமும் அலகுள்ள துடுப்போடு காலை நீட்டி உட்காரும் கயாக் வேறு. இருவர் செல்லும் கனோ ஏறக்குறைய 16 அடி நீளமும் 25 முதல் 35 கிலோ எடையும் இருக்கும். குட்டி யானை வண்டியில் ஏற்றினால் பின்னால் நீண்டு நிற்கும்; நடுவில் கட்டுவதோடு நிறுத்தாமல் இரு முனைகளையும் தனித்தனியே கயிற்றால் இறுக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி கட்டுங்கள். வாடகைக்கு எடுப்பவர்கள், லைஃப் ஜாக்கெட்டைக் கேட்காமலே எடுத்துத் தருகிறவரிடம் எடுங்கள். அதைப் பற்றிக் கேட்டதும் 'ஆழம் இல்லை, தேவைப்படாது' என்று சொல்பவரிடம் படகு வாங்காதீர்கள்.

லைஃப் ஜாக்கெட்டில் அதன் மிதப்பு விசையைக் காட்டும் நியூட்டன் கணக்கு ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். 50 என்று குறித்தவை நீந்தத் தெரிந்தவர்களுக்கானவை. நீந்தத் தெரியாதவருக்கு 100 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும். போட்டுக்கொண்டு எல்லா வார்களையும் இறுக்கிய பின், நண்பர் ஒருவர் இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். சட்டை மோவாயைத் தாண்டி ஏறினால் அது பெரிது, அல்லது வார் தளர்ந்திருக்கிறது. இந்தச் சோதனையை ஒவ்வொருவருக்கும் செய்யாமல் ஒருவரையும் படகில் ஏற்றாதீர்கள். சட்டையைக் கழற்றிக் காலடியில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். கவிழ்ந்த பிறகு அதைப் போட நேரம் இருக்காது.

வேட்டியும் புடவையும் நீரில் காலைச் சுற்றும்; ஜீன்ஸ் ஊறிக் கனக்கும். விரைவில் காயும் காற்சட்டையும், முழுக்கைச் சட்டையும், பின்பட்டை உள்ள செருப்பும் போதும். கைபேசிக்கு நீர்புகாத உறை, ஒருவருக்கு மூன்று லிட்டர் குடிநீர், ஆளுக்கொரு ஊதல், படகுக்கொரு நீர் இறைக்கும் குவளை, குழுவுக்கு 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறு ஆகியவை கட்டாயம். சாப்பாட்டுக்கு நம் வீட்டுக் கட்டுச்சோற்றை விடச் சிறந்தது இல்லை. புளியோதரை வெயிலைத் தாங்கும். வாழையிலையில் கட்டினால் திரும்பக் கொண்டுவர வேண்டிய குப்பையும் குறையும்.

மது வேண்டாம். படகேறுவதற்கு முன்பும் வேண்டாம், நடுவழியில் கரையேறிய இடத்திலும் வேண்டாம். நண்பர்கள் கூட்டமாகப் போகும் இடங்களில் நிகழும் நீர்ச்சாவுகளில் இதற்குள்ள பங்கு நம் எல்லோருக்கும் தெரியும். குடித்துவிட்டு வந்தவரைக் கரையில் விட்டுச் செல்வது நட்புக்குக் கேடு என்று எண்ணாதீர்கள்; அதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டால் கரையில் வாக்குவாதம் எழாது.

இருவர், ஒரு படகு

இணைகளை முடிவு செய்வது குழுவில் மூத்தவர் அல்லது பழகியவர் செய்ய வேண்டிய வேலை. வலிமையான இருவர் ஒரு படகில் சேர்ந்தால் அவர்கள் முன்னே போய்விடுவார்கள், மற்றவர்கள் பின்தங்கி அலுத்துப்போவார்கள்; ஆகவே வலிமையைப் படகுகளுக்குள் பங்கிட வேண்டும். கணவன் மனைவி ஒரே படகில்தான் உட்கார வேண்டும் என்பதும் இல்லை. பழகியவர் பின்னால் உட்கார வேண்டும், ஏனெனில் திசை அவர் கையில் இருக்கிறது. அணியத்தில், அதாவது முன்முனையில் இருப்பவர் வேகத்தைத் தருகிறார். நீருக்குள் கிடக்கும் கட்டையையும் பாறையையும் முதலில் பார்த்துச் சொல்கிறார். இருவரில் கனமானவர் பின்னால் இருந்தால் அணியம் சற்றே எழும்பிப் படகு கேட்டபடி திரும்பும். முன்னால் கனம் கூடிவிட்டால் சாமான்களைப் பின்னால் தள்ளிக் கட்டுங்கள்.

ஏறும்போது படகு முழுவதும் மிதந்துகொண்டிருக்க வேண்டும். பாதி மணலிலும் பாதி நீரிலும் இருக்கும் படகில் ஏறினால் அது உருளும். ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் குனிந்து, இரு விளிம்புகளையும் இரு கைகளால் பற்றி, நடுக்கோட்டிலேயே காலை வைத்து நடந்து தன் இடத்துக்குப் போக வேண்டும். அலை இருந்தாலும் மனத்தில் அச்சம் இருந்தாலும் முட்டி போட்டு உட்காருங்கள். உடம்பின் கனம் தாழ்ந்து படகு உடனே நிலைப்படும்.

துடுப்பின் நுனிப்பிடியை ஒரு கை மேலிருந்து மூடிப் பிடிக்க வேண்டும். மறுகை அலகுக்குச் சற்று மேலே தண்டைப் பிடிக்க வேண்டும். இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில், முன்னவர் தாளத்துக்குப் பின்னவர் ஒத்துப் போட வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் அரைமணி நேரத்தில் தோள் கழன்றுவிடும். இடுப்பிலிருந்து உடம்பை முன்னே திருப்பி, அலகை முழுவதுமாக நீரில் அமிழ்த்தி, உடம்பு நேராகும் விசையால் படகை முன்னே இழுத்து, அலகு இடுப்பருகே வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னும் இழுத்தால் நீரை மேலே தூக்குவோமே தவிரப் படகு நகராது.

பின்னால் இருப்பவர் வலப்பக்கம் போட்டால் அணியம் இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போகும்; புதியவர்கள் கண்மாயில் வளைந்து வளைந்து போவது இதனால்தான். அடிக்கடி பக்கம் மாற்றுவது இதற்குத் தீர்வாகாது. ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும், அலகு இடுப்பைத் தாண்டும் தருணத்தில், நுனிப்பிடியில் இருக்கும் கட்டைவிரல் கீழே பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்பி, அலகின் முகத்தால் நீரைப் படகிலிருந்து வெளிப்பக்கமாகச் சற்றே தள்ள வேண்டும். சரியாகத் தள்ளினால் அணியம் தன் கோட்டுக்குத் திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். அதிகமாகத் தள்ளினால் வேகம் செத்துவிடும். எதிர்க்கரையில் ஒரு பனைமரத்தைக் குறிவைத்து, அணியத்தின் நுனி அந்த மரத்தை விட்டு விலகாமல் நூறு துடுப்புப் போட முடிகிற வரையில் கண்மாயிலேயே பழகுங்கள். ஆற்றுக்குப் போகும் தகுதிக்கு நான் வைக்கும் சோதனை இதுதான்.

கவிழ்ந்து பழகுவதும் பாடத்தில் ஒரு பகுதி. நெஞ்சளவு நீரில், கரையில் ஒருவர் கயிற்றோடு நிற்க, வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துப் பாருங்கள். கவிழ்ந்ததும் படகை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்; அது மிதக்கும், தொலைவிலிருந்தும் தெரியும். இன்னொரு படகு குறுக்கே வந்து, கவிழ்ந்த படகின் முனையைத் தன் விளிம்புகள் மீது ஏற்றி இழுத்தால் உள்ளே இருந்த நீர் வடிந்துவிடும். பிறகு நிமிர்த்தி இறக்கிவிட்டு, உதவும் படகினர் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொள்ள, விழுந்தவர் மறுபக்கத்திலிருந்து ஏறலாம். ஒரே ஒரு படகாகப் போகக் கூடாது என்பதன் காரணம் இதைச் செய்து பார்த்தவர்களுக்குப் புரியும்.

ஆற்றுக்குப் போகும்போது

கண்மாயில் கை பழகிய குழு, ஓடும் நீரைத் தேடலாம். மதுரையிலிருந்து தெற்கே போனால் பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி இருக்கிறது. இரு பருவமழைகளும் மலைக்காட்டின் கசிவும் சேர்ந்து அதை வற்றாத ஆறாக வைத்திருக்கின்றன. ஆனாலும் மேலே பாபநாசம் முதலிய அணைகளும், கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளும் அதில் உண்டு. ஆகவே நீர்வளத் துறையிடமும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கேட்டு அனுமதி பெற்று, இரண்டு அணைக்கட்டுகளுக்கு இடையே உள்ள, உள்ளூர்ப் படகோட்டிகள் அறிந்த ஒரு துண்டை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். இறங்கும் துறையையும் ஏறும் துறையையும் முதல் நாளே நடந்து பாருங்கள். ஏறும் துறையில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்தால், ஆற்றிலிருந்து பார்க்கும்போது தவறவிட மாட்டீர்கள்.

முதற்பயணத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போதும். அமைதியான நீரில் குழுவாகச் செல்வோர் மணிக்கு நான்கு கிலோமீட்டர் போனால் அது நல்ல வேகம்; நிற்பதற்கும் சாப்பிடுவதற்கும் சேர்த்துக் கணக்கிட்டால் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். ஒரு வண்டியை ஏறும் துறையில் முன்னரே நிறுத்தி, அதன் சாவியைப் படகில் வருபவர் நீர்புகாத பையில் வைத்திருக்க வேண்டும். நீரில் இறங்காத ஒருவரிடம் புறப்படும் நேரம், சேரும் நேரம், அந்த நேரத்துக்குள் அழைப்பு வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற விவரங்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஆற்றில் பழகியவரின் படகு முதலில் செல்லும். இன்னொரு பழகியவரின் படகு கடைசியில் வரும். முதல் படகை யாரும் முந்தக் கூடாது, கடைசிப் படகுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. ஒவ்வொரு படகும் தனக்குப் பின்னால் வருவது கண்ணில் படும் தூரத்திலேயே செல்ல வேண்டும். முன்படகினர் துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் 'வரலாம்' என்று பொருள். இரு கைகளாலும் தலைக்கு மேல் கிடைமட்டமாகப் பிடித்தால் 'நில்லுங்கள்' என்று பொருள். ஊதல் மூன்று முறை ஒலித்தால் ஆபத்து. இந்த மூன்றையும் கரையிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிட்டு இறங்குங்கள்.

தடுப்பணையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பார்வைக்கு அதைப் போல அமைதியானது வேறில்லை. இரண்டு மூன்று அடி உயரத்தில் நீர் சீராக வழிந்து விழும். குழந்தைகள்கூட விளையாடலாம் போலத் தோன்றும். விழுந்த நீர் அடிவரை சென்று, மேலெழும்போது ஒரு பகுதி அணையை நோக்கியே திரும்பி வருகிறது. அந்தச் சுழலில் அகப்பட்ட படகும் ஆளும் மீண்டும் மீண்டும் விழும் நீருக்கு அடியிலேயே இழுக்கப்படுகிறார்கள். நீரில் காற்றுக் குமிழி நிறைந்திருப்பதால் மிதப்பும் குறைகிறது. மேலிருந்து வரும் படகுக்கு அணை கண்ணில் படாது. ஆற்றின் குறுக்கே நேர்கோடு வரைந்தது போல நீர் முடிந்து, அதற்கப்பால் மரங்களின் அடி தெரியாமல் தலைப்பகுதி மட்டும் தெரிந்தால், உடனே கரையேறிப் படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போக வேண்டும்.

ஆற்றுக்குள் சாய்ந்து விழுந்த மரத்தின் ஊடே நீர் போகும். ஆள் போக முடியாது. அதன் பக்கம் நீர் இழுக்கிறது என்று தெரிந்ததும் மறுகரை நோக்கித் திருப்புங்கள். ஓடும் நீரில் விழுந்தவர் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால் நீர் முதுகில் ஏறி ஆளை அமிழ்த்தும். மல்லாந்து படுத்து, பாதங்களை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி, போகும் திசையில் காலை நீட்டி மிதந்து, ஓட்டம் குறைந்த இடத்தில் கரையை நோக்கி நீந்த வேண்டும். படகுக்கு நீர் வரும் பக்கமாகவே இருங்கள். நீர் நிறைந்த படகுக்கும் பாறைக்கும் நடுவே அகப்பட்டால் எலும்பு தாங்காது. மணல் அள்ளிய ஆறுகளில் முழங்காலளவு நீருக்கு அடுத்த அடியில் இரண்டாள் ஆழம் இருக்கலாம் என்பதால், குளிக்க இறங்கும்போதும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம்.

இடி கேட்டால் கரையேறுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும் வரை நீருக்குத் திரும்பக் கூடாது. அதுவரை கரையில் தனித்து நிற்கும் பனைமரத்தடியில் ஒதுங்காமல் வண்டிக்குள் இருங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் மதுரைக் குடும்பங்களுக்கும், அங்கே வேலையிலிருக்கும் நண்பர்களுக்கும் உண்மையான ஊற்றுநீர் ஆற்றில் கனோ விடும் வாய்ப்பு எளிதில் கிடைக்கும். அங்கே படகும் லைஃப் ஜாக்கெட்டும் வாடகைக்குக் கொடுத்து, முடியும் துறையிலிருந்து வண்டியில் திரும்ப ஏற்றி வரும் நிலையங்கள் உண்டு. நம் கண்மாயில் பழகிய உடம்பு மிசௌரியின் 14 டிகிரி நீரில் விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு திணறும். வெளியே வெயில் கொளுத்தினாலும் நீர் அப்படியேதான் இருக்கும். விழுந்தவுடன் நீந்தத் துடிக்காமல் சட்டையின் மிதப்பை நம்பி மூச்சைச் சீராக்கிக்கொண்டு, அதன் பிறகு கரையை நோக்குங்கள். பெருமழை பெய்தால் பக்க ஓடைகளின் வெள்ளம் ஊற்றுநீர் ஆற்றிலும் சேரும்; ஊற்று என்பதற்காக வானிலை அறிக்கையைப் பார்க்காமல் விடக் கூடாது. புளோரிடாவின் இச்செடக்னியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களையும் மதுவையும் ஆற்றுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். தெளிந்த நீரில் கால் ஊன்றினால் அடியில் வளரும் புற்கள் பிடுங்கப்பட்டு நீர் கலங்கும் என்பதால், நிற்பதற்கென்று விட்ட இடங்களில் மட்டும் இறங்குங்கள்.

திரும்பி வந்த பின் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. படகைக் கவிழ்த்து நீரை முழுவதும் வடித்து, விளிம்பின் உட்புறத்திலும் இருக்கையின் அடியிலும் ஒட்டியிருக்கும் ஆகாயத்தாமரைத் துணுக்குகளைக் கையால் எடுத்து, கண்மாய்க்கு எட்டாத மேட்டில் வெயிலில் போட்டுவிடுங்கள். ஒரு சிறு தண்டு போதும், அடுத்த கண்மாய் முழுவதும் பரவுவதற்கு. படகையும் துடுப்பையும் நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாளாவது உலரவிட்ட பிறகே வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். லைஃப் ஜாக்கெட்டுகளை நிழலில் விரித்துக் காயவைத்து, வார்களையும் கொக்கிகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, தளர்ந்ததைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.